53 கூடுதல் நிகழ்வுகள்: செனான்-1டி கண்ட மிகையும் அதன் மறுசோதனையும்

2020 ஜூன் 17 அன்று, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் கரும்பொருளைத் தேடி இயங்கிய செனான்-1டி கருவியின் ஆய்வுக் குழு, தன் தரவுகளில் விளக்கம் கிடைக்காத ஒரு மிகை இருப்பதாக அறிவித்தது. 1 முதல் 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான ஆற்றல் பகுதியில் ஏறத்தாழ 232 நிகழ்வுகள் பதிவாகும் என்பது கணிப்பு, பதிவானவை 285. செனான் என்ற மந்த வாயுவைத் திரவமாக்கி, அதில் ஏறக்குறைய ஒரு டன்னை 227 நாட்கள் கவனித்ததில் கிடைத்த தரவு இது என்பதால், அந்தக் கூடுதல் 53 நிகழ்வுகளை நாட்கணக்கில் பிரித்தால் நான்கு நாளைக்கு ஒன்றுகூட முழுதாக வராது. இவ்வளவு சிறிய எண்ணிக்கை உலகெங்கும் உள்ள துகள் இயற்பியலாளர்களை இரண்டு ஆண்டுகள் உறங்கவிடவில்லை.

கரும்பொருள் தேடலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய உரிமைகோரல்கள் உண்டு. இருந்தும் இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம், ஓர் ஐயம் எழுந்தது முதல் அது தீர்க்கப்பட்டது வரை ஒவ்வொரு படியும் இதில் வெளிப்படையாகக் கிடைக்கிறது என்பதுதான். இந்தத் துறையில் உழைப்பின் பெரும்பகுதி தேடப்படும் துகளுக்காகச் செலவாவதில்லை. அந்தத் துகளைப் போலவே தோன்றக்கூடிய அற்பமான மாசுகளை அறிவதற்கே செலவாகிறது. அதை இந்த 53 நிகழ்வுகளின் கதையில் நெருக்கமாகப் பார்க்கலாம்.

கருவியும் அது நின்ற இடமும்

அண்டத்தில் உள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு, ஒளியை உமிழாத, உறிஞ்சாத ஏதோ ஒன்றாக இருக்கிறது. விண்மீன் மண்டலங்களின் சுழற்சி, மண்டலக் கூட்டங்களின் இயக்கம், பேரண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் ஆகிய மூன்றும் இதையே சொல்கின்றன. அந்தக் கரும்பொருள் துகள்களால் ஆனதென்றால், அவை நம்மையும் நம் ஆய்வுக்கூடங்களையும் ஒவ்வொரு நொடியும் ஊடுருவிச் செல்ல வேண்டும். எப்போதாவது ஒன்று ஓர் அணுவின் மீது மோதவும் வேண்டும். அந்த மோதலைக் காணக் கட்டப்பட்டதுதான் செனான்-1டி. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலேனா ஏப்ரிலே தலைமையிலான பன்னாட்டுக் குழு அதை நடத்தியது.

கருவியில் இருந்தது மைனஸ் 96 டிகிரி செல்சியஸ் அளவில் திரவமாக வைக்கப்பட்ட 3.2 டன் செனான். அதில் 2 டன் மோதல்களைக் கவனிக்கும் உட்பகுதியில் இருந்தது. மேலே சுமார் 1,400 மீட்டர் பாறை காஸ்மிக் கதிர்களின் மியூவான்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. சுற்றிலும் ஏறத்தாழ 700 டன் தூய நீர் நிரம்பிய தொட்டி, பாறையிலிருந்து வரும் கதிர்வீச்சைத் தடுத்ததோடு, தப்பி வரும் மியூவான்களையும் காட்டிக்கொடுத்தது. செனானே கனமான, அடர்த்தியான பொருள் என்பதால், வெளியிலிருந்து வரும் கதிர்கள் அதன் ஓரத்திலேயே நின்றுவிடும். நடுவில் உள்ள ஒரு டன்னை மட்டும் கணக்கில் எடுத்தால், பூமியில் அதைவிட அமைதியான இடம் அன்று இருக்கவில்லை என்றே சொல்லலாம்.

உள்ளே ஒரு நிகழ்வு எப்படிப் பதிவாகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏதோ ஒரு துகள் செனான் அணுவொன்றில் மோதியதும் புறஊதா ஒளியின் மெல்லிய மினுக்கு ஒன்று எழுகிறது. மேலும் கீழுமாக இருக்கும் 248 ஒளிப்பெருக்கிக் குழாய்களில் குறைந்தது மூன்று ஒரே நேரத்தில் அதைக் கண்டால்தான் அது ஒளி என்று ஏற்கப்படும். அதே மோதலில் விடுபட்ட எலக்ட்ரான்களை மின்புலம் மேல்நோக்கி இழுக்கிறது. அவை மைக்ரோநொடிக்கு ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் வேகத்தில் ஏறி, திரவத்தின் மேற்பரப்பைத் தாண்டி வாயுவுக்குள் நுழையும்போது இரண்டாவதாக ஒரு பெரிய ஒளி தோன்றுகிறது. இரண்டு ஒளிகளுக்கும் இடைப்பட்ட நேரம் மோதலின் ஆழத்தைச் சொல்லும். இரண்டாவது ஒளி எந்தக் குழாய்களுக்குக் கீழே விழுந்தது என்பது கிடைத்தளத்தில் இடத்தைச் சொல்லும். இரண்டின் விகிதமோ, அடிபட்டது அணுக்கருவா எலக்ட்ரானா என்பதைச் சொல்லும்.

எலக்ட்ரான் பக்கம் பார்த்தது ஏன்

விம்ப் எனப்படும் கனத்த கரும்பொருள் துகள், கோட்பாட்டின்படி அணுக்கருவில்தான் மோத வேண்டும். அதைத் தேடிய முடிவை இக்குழு 2018இல் வெளியிட்டது. குறிப்பிடத்தக்க மிகை எதுவும் கிடைக்காததால், 30 கிகா எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள துகள் மோதும் வாய்ப்புக்கு அதுவரை இருந்தவற்றில் மிகக் கடுமையான உச்சவரம்பை அது விதித்தது. எலக்ட்ரான்கள் அடிபட்ட நிகழ்வுகள் அந்தத் தேடலில் வெறும் பின்னணி. கழித்து ஒதுக்கப்பட வேண்டியவை.

ஆனால் அந்தப் பின்னணியே ஒரு டன்னுக்கு, ஓர் ஆண்டுக்கு, ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 76 நிகழ்வுகள் என்ற அளவுக்குத் தாழ்ந்துவிட்டபோது, அதற்குள்ளும் எதையாவது தேடலாம் என்ற நிலை வந்தது. எலக்ட்ரான்களில் மட்டும் தடம் விடக்கூடிய அயல் துகள்கள் சில கோட்பாட்டில் உண்டு. சூரியனின் மையத்திலிருந்து வரும் ஆக்சியான்கள் எனும், இதுவரை காணப்படாத இலேசான துகள்கள், எதிர்பார்த்ததைவிடப் பெரிய காந்தத் திருப்புத்திறன் கொண்ட நியூட்ரினோக்கள், இலேசான போசான் வகைக் கரும்பொருள் ஆகியவை அவை. ஒதுக்கி வைத்த குவியலை மறுபடி புரட்டிப் பார்த்ததில்தான் மிகை அகப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். சூரிய ஆக்சியான்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால்கூட, அவை கரும்பொருள் ஆகிவிடா. அவை சூரியனில் அன்றன்று பிறந்து வருபவை. ஆக்சியான் என்ற துகள் உண்மையில் இருக்கிறது என்பதற்குச் சான்றாக அவை அமைந்திருக்கும்; அதே துகளின் வேறொரு கூட்டம், அண்டத்தின் தொடக்கத்தில் பிறந்த கூட்டம், கரும்பொருளாக இருக்கலாம் என்ற கருத்துக்கு வலு சேர்த்திருக்கும். செய்தித்தாள்கள் பலவும் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிட்டன.

ஐயங்களை ஒவ்வொன்றாக

மிகை வந்த இடம் ஐயத்துக்குரியது. கருவியின் உணர்திறன் மங்கத் தொடங்கும் அடிவிளிம்புக்கு அருகில், முக்கியமாக 2 முதல் 3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை, அது குவிந்திருந்தது. விளிம்பில் கருவியின் திறனைத் தவறாகக் கணித்திருந்தால், இல்லாத மிகை இருப்பதாகத் தோன்றும். இதைச் சோதிக்கக் குழுவிடம் வலுவான சான்று இருந்தது: ரேடான்-220 என்ற கதிரியக்க வாயுவை வேண்டுமென்றே கருவிக்குள் செலுத்தி எடுத்த அளவீட்டுத் தரவு. அதன் வழித்தோன்றலான ஈயம்-212 உமிழும் பீட்டா கதிர்களின் பரவல் நன்கு அறியப்பட்டது. அதே கருவி, அதே கணக்கீட்டு முறை, அதே ஆற்றல் பகுதியில் அந்தப் பரவலைச் சரியாகவே காட்டியது. மிகை எதுவும் அங்கு இல்லை. கருவியின் பணிக்காலம் முடியும் தறுவாயில் ஆர்கான்-37ஐச் செலுத்தி, 2.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலையும் அது பிழையின்றி அளக்கிறது என்று பார்த்தனர். ஆக, குற்றம் கருவியின் மேல் இல்லை.

அடுத்த ஐயம், பின்னணியில் பெரும்பங்கு வகித்த ஈயம்-214 பற்றியது. கருவியின் உலோகச் சுவர்களில் ஒட்டியிருக்கும் யுரேனியத் தடங்களிலிருந்து ரேடான்-222 இடைவிடாமல் கசிந்து செனானில் கலக்கிறது. அதன் சிதைவுத் தொடரில் வருவது ஈயம்-214. அதன் பீட்டா பரவல் மிகத் தாழ்ந்த ஆற்றலில் எப்படி இருக்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கைச் சார்ந்தது. கணக்கு பிசகியிருந்தால்? மிகையை முழுவதும் விளக்க, அந்தப் பகுதியில் பரவல் ஏறத்தாழ 50 விழுக்காடு தவறியிருக்க வேண்டும். அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் விளைவுகளையும் சேர்த்துச் செய்த புதிய கணக்கீட்டில் பிழைக்கான இடம் 6 விழுக்காட்டளவே இருந்தது. இதுவும் கைவிடப்பட்டது.

காற்றுக் கசிவு வழியே ஆர்கான்-37 வந்திருக்கலாம் என்ற யோசனையும் எடுபடவில்லை. அதன் அரை ஆயுள் வெறும் 35 நாள். தொடக்கத்தில் இருந்தது அழிந்திருக்கும், பின்னர் கசிந்திருந்தால் காற்றில் உள்ள கிரிப்டானின் அளவும் உடன் உயர்ந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

டிரிட்டியம்

எஞ்சியது டிரிட்டியம். ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட ஹைட்ரஜன். அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், பீட்டா சிதைவின் உச்ச ஆற்றல் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பரவலின் மேடு சரியாகத் தாழ்ந்த ஆற்றல் பகுதியில். மிகையின் வடிவத்தோடு இது ஓரளவு நன்றாகவே பொருந்தியது. எவ்வளவு டிரிட்டியம் தேவை என்று கணக்கிட்டபோது கிடைத்த விடைதான் என்னை இந்த நிகழ்விடம் முதலில் ஈர்த்தது. ஒரு கிலோ செனானில் ஏறத்தாழ 46ஐ அடுத்து 23 சுழியங்கள் இட்டு எழுத வேண்டிய எண்ணிக்கையில் அணுக்கள் உள்ளன. அவற்றின் நடுவே மூன்றுக்கும் குறைவான டிரிட்டிய அணுக்கள் இருந்தால் போதும்; மிகை முழுவதும் விளங்கிவிடும்.

உலகில் எந்த வேதியியல் முறையாலும் அந்த அளவை நேரில் அளந்துகாட்ட முடியாது. அதை அளக்கக்கூடிய ஒரே கருவி, ஐயத்துக்கு உள்ளாகியிருந்த அதே கருவிதான். எனவே குழு சுற்றுவழியில் வாதிட வேண்டியதாயிற்று. செனான் தரைக்கு மேலே இருந்தபோது காஸ்மிக் கதிர்கள் அதில் டிரிட்டியத்தை உண்டாக்கியிருக்கும். ஆனால் சூடான சிர்க்கோனியம் கொண்ட வடிகட்டிகள் ஹைட்ரஜனைத் தொடர்ந்து பிடித்துக்கொள்வதால், அதில் பொருட்படுத்தத்தக்க அளவு மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. கருவியின் பாகங்களிலிருந்து நீராகவோ ஹைட்ரஜன் வாயுவாகவோ டிரிட்டியம் கசியலாம். இயற்கையில் டிரிட்டியம் கலந்திருக்கும் விகிதத்தை வைத்துப் பார்த்தால், நீரும் ஹைட்ரஜனும் சேர்ந்து நூறு கோடியில் 30 பங்குக்கு மேல் இருந்தாக வேண்டும். நீர் அவ்வளவு இருந்திருந்தால் செனானின் ஒளி மங்கியிருக்கும். மங்கவில்லை, ஆதலால் நீர் நீங்கியது. ஹைட்ரஜன் வாயுவோ ஒளியையும் மறைக்காது, எலக்ட்ரான்களையும் பிடிக்காது. அது இருந்ததா இல்லையா என்பதற்கு நேரடி அளவீடு எதுவும் இல்லை.

ஆகவே குழு சொன்னது இதுதான்: டிரிட்டியம் என்று உறுதி செய்யவும் இயலாது, இல்லை என்று தள்ளவும் இயலாது. ஆய்விதழில் வெளியான கட்டுரையில் எண்கள் பக்கம் பக்கமாக நின்றன. பின்னணி மட்டுமே என்ற கருதுகோளை ஒப்பிட்டுப் பார்க்கையில், சூரிய ஆக்சியானுக்கு 3.4 சிக்மா ஆதரவு (சிக்மா கூடக் கூட, தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்பு குறையும்). நியூட்ரினோ காந்தத் திருப்புத்திறனுக்கு 3.2, டிரிட்டியத்துக்கும் அதே 3.2. டிரிட்டியத்தையும் பின்னணியில் சேர்த்துக்கொண்டால், ஆக்சியானுக்கான ஆதரவு 2.0 சிக்மாவாகவும் நியூட்ரினோவுக்கானது 0.9 ஆகவும் சரிந்துவிடும். இத்துறையில் கண்டுபிடிப்பு என்று உரிமை கோர 5 சிக்மா வேண்டும்; அதாவது, தற்செயலாக அப்படி நேர வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த அறிக்கையிடலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆக்சியான் என்ற சொல்லை மட்டும் தலைப்பில் வைத்து, டிரிட்டியத்தை ஒரு பின்னிணைப்பில் தள்ளியிருந்தால் யாரும் பிழை கண்டிருக்க முடியாது. டிரிட்டியம் இருந்ததற்கான நேரடிச் சான்றும் இல்லை. தம் கண்டுபிடிப்பைத் தாமே பாதியாகக் குறைக்கும் எண்களை, கட்டுரையின் சுருக்கத்திலேயே எல்லோரும் காணும்படி அவர்கள் வைத்தார்கள்.

இரண்டு ஆண்டுகள்

அறிவிப்பு வந்த சில மாதங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுந்தன. ஆக்சியான் விளக்கத்துக்கு விண்மீன்களிடமிருந்தே பெரிய தடை வந்தது. எலக்ட்ரான்களோடு அவ்வளவு வலுவாகப் பிணையும் ஆக்சியான் இருந்தால், வெண்குறு விண்மீன்களின் உள்ளே அது ஏராளமாகப் பிறந்து ஆற்றலைக் கடத்திச் சென்றுவிடும். அவை நாம் காண்பதைவிட வேகமாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கருவிக்குள் ஆக்சியான் ஒளியாக மாறும் மற்றொரு வழியையும் கணக்கில் சேர்த்தால் இந்த முரண் சற்றுத் தணியும் என்று சிலர் காட்டினர், முழுதும் தணியவில்லை. சீனாவின் பாண்டா-எக்ஸ்-2 கருவியும் தன் தரவைப் புரட்டிப் பார்த்தது. அதன் பின்னணி அதிகமாக இருந்ததால் மிகையை உறுதிப்படுத்தவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

இந்த இடத்தில் அதே மலைக்கடியில் இயங்கிய இன்னொரு கருவியை நினைக்காமல் இருக்க முடியாது. சோடியம் அயோடைடு படிகங்களைக் கொண்ட டாமா சோதனை, ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்கும் ஒரு சமிக்ஞையைத் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து கண்டுவந்ததாகவும் அது கரும்பொருளே என்றும் சொல்லிவந்தது. ஸ்பெயினின் அனாய்ஸ், தென் கொரியாவின் கோசைன் ஆகியவை அதே வகைப் படிகங்களைக் கொண்டு பார்த்தும் அதைக் காணவில்லை. அதே பொருளைக் கொண்டு போதிய திறனுடன் மறுசோதனை செய்ய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. செனான் குழுவிடமோ, மிகையை அறிவித்த அன்றே அடுத்த கருவி பாதி எழுந்து நின்றது.

மறுசோதனை

செனான்-என்டி என்ற அந்தக் கருவி, பழைய நீர்த்தொட்டியையும் குளிரூட்டும் அமைப்புகளில் பெரும்பகுதியையும் அப்படியே பயன்படுத்திக்கொண்டது. மொத்தம் 8.5 டன் செனான், அதில் 5.9 டன் கவனிப்புக்கு உட்பட்டது. ஒளிப்பெருக்கிக் குழாய்கள் 494. ஆனால் இந்த வழக்கைத் தீர்த்தது அதன் பருமன் என்று நான் கருதவில்லை. ரேடானை வாலைவடிப்பு முறையில் தொடர்ந்து பிரித்தெடுக்கும் கோபுரம், செனானைத் திரவ நிலையிலேயே தூய்மைப்படுத்தும் புதிய அமைப்பு, ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுத்ததில் காட்டிய கண்டிப்பு ஆகியவை சேர்ந்து, பின்னணியை அதே அலகில் சுமார் 16 நிகழ்வுகளாக, அதாவது பழைய 76இல் ஐந்தில் ஒரு பங்காக இறக்கின.

டிரிட்டியத்துக்கென்றே தனி ஏற்பாடுகள் நடந்தன. செனானை நிரப்புவதற்கு முன், கருவியின் உட்புறத்தை ஏறத்தாழ மூன்று மாதங்கள் வெற்றிடமாக வைத்து, பாகங்களில் ஒட்டியிருந்த நீரையும் ஹைட்ரஜனையும் வெளியேற்றினர். செனான் முழுவதையும் கிரிப்டான் நீக்கும் கோபுரத்தின் வழியே அனுப்பினர். அது ஹைட்ரஜனையும் நீக்கவல்லது. பிறகு செனான் வாயுவைச் சுமார் மூன்று வாரங்கள் சூடான சிர்க்கோனிய வடிகட்டிகள் வழியே சுற்றவிட்டனர்.

2021 ஜூலை தொடக்கத்திலிருந்து நவம்பர் வரை 97 நாள் தரவு எடுக்கப்பட்டது. மிகை வரக்கூடிய ஆற்றல் பகுதி ஆய்வாளர்களின் கண்ணுக்கே மறைக்கப்பட்டு, தேர்வு விதிகளும் பின்னணிக் கணக்கும் முடிவான பிறகே திறக்கப்பட்டது. அதற்கு மேல், என் பார்வையில் இந்த ஆய்வின் மிகச் சிறந்த செயலாக நிற்கும் ஒன்றையும் செய்தார்கள். ஹைட்ரஜனைப் பிடிக்கும் வடிகட்டியைத் தவிர்த்துவிட்டு, செனானை 14 நாட்களுக்கு மேல் சுற்றவிட்டார்கள். பாகங்களிலிருந்து ஹைட்ரஜன் கசிந்துகொண்டிருந்தால், தடுக்க எதுவுமில்லாத அந்த நாட்களில் அது பல மடங்கு உயரும். டிரிட்டியம் அதில் இருந்தால் உடன் உயர்ந்து தாழ்ந்த ஆற்றலில் மேடு கட்டும். ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தூய்மையாக்கிய திரவத்தை, ஓர் ஐயத்துக்கு விடை காண்பதற்காகத் தாமே மாசுபட விட்டார்கள். மேடு எதுவும் எழவில்லை.

2022 ஜூலை 22 அன்று வியன்னாவில் நடந்த மாநாட்டில் முடிவு வெளியானது. தாழ்ந்த ஆற்றல் பகுதியில் பதிவானவை பின்னணிக் கணிப்போடு பொருந்தின, மிகை இல்லை. பழைய மிகையை 2.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்முனையாகக் கொண்டால், அது ஏறத்தாழ 4 சிக்மா அளவில் தள்ளுபடியானது. சூரிய ஆக்சியான்களுக்கும் நியூட்ரினோவின் காந்தத் திருப்புத்திறனுக்கும் முன்னைவிடக் கடுமையான வரம்புகள் கிடைத்தன. ரேடான் தந்த பின்னணி வெகுவாகத் தாழ்ந்துவிட்டதால், செனான்-136இன் இரட்டை பீட்டா சிதைவும், செனான்-124இன் இரட்டை எலக்ட்ரான் பிடிப்பும் பரவலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் நிலைக்கு வந்தன. இவற்றில் இரண்டாவதன் அரை ஆயுள் அண்டத்தின் வயதைப்போல் ஒரு லட்சம் கோடி மடங்குக்கு மேல். அதையே முதன்முதலாக 2019இல் நேரில் அளந்தது செனான்-1டிதான். தூய்மையின் அளவு எங்கே போய் நின்றது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அந்த 53 நிகழ்வுகள் எவை? பழைய கருவியில் தங்கியிருந்த டிரிட்டியத் தடமே மிகப் பொருத்தமான விளக்கமாக எஞ்சுகிறது; ஆனால் அது மெய்ப்பிக்கப்பட்டதன்று. செனான்-1டியின் பணி 2018 டிசம்பரிலேயே முடிந்து, மிகை அறிவிக்கப்படுவதற்கு முன்பே கருவி பிரிக்கப்பட்டுவிட்டது. அதில் இருந்த செனான் புதிய கருவிக்குச் சென்றது; போகும் வழியில், ஹைட்ரஜனை நீக்கும் அதே கோபுரத்தைக் கடந்து சென்றது. கிலோவுக்கு மூன்றுக்கும் குறைவான அந்த அணுக்கள் உண்மையிலேயே இருந்திருந்தால், அவற்றை நீக்கியதும் மறுசோதனைக்காகச் செய்த அதே தூய்மைப் பணிதான்.